சுக்கு காபி, பானகம், மஞ்சள் பால்... மசாலா பானங்களில் எது ருசி, எது மருந்து? யார் உஷாரா இருக்கணும்? முழு விளக்கம்

மழை லேசா தூற ஆரம்பித்தாலே போதும். பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு நிற்கும் சுக்கு காபிக்காரரைச் சுற்றி கூட்டம் கூடிவிடும். சித்திரை வெயில் வந்துவிட்டால் அதே தெருவில் நீர்மோர்ப் பந்தல். வீட்டில் யாராவது ரெண்டு தடவை இருமினால், பாட்டி கேட்காமலேயே மஞ்சள் பால் ரெடி.

இந்தப் பானங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம், நம்ம அஞ்சறைப்பெட்டி. சுக்கு, மிளகு, மல்லி, சீரகம், ஓமம், ஏலக்காய், மஞ்சள், பெருங்காயம்... ருசிக்காகப் போடுகிறோமா, மருந்துக்காகப் போடுகிறோமா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே நமக்குக் கிடையாது.

ஆனால் இப்போது வாட்ஸ்அப்பில் "இந்தத் தண்ணியைக் குடிச்சா சர்க்கரை நோய் ஓடிப் போகும்", "மூணே நாளில் தொப்பை கரையும்" என்று தினமும் ஒரு மெசேஜ் வருகிறது. அதனால் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் வந்துவிட்டது. எது உண்மை, எது மிகை, எங்கே ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

சுக்கு காபியில் காபி எங்கே?

பெரும்பாலான சுக்கு காபியில் காபித்தூளே கிடையாது. சுக்கு, மல்லி விதை, கொஞ்சம் மிளகு, ஏலக்காய், கருப்பட்டி. சில இடங்களில் திப்பிலியும் துளசியும் சேரும். வறுத்த மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்து தரும் அந்தக் கருத்த நிறமும் லேசான கசப்பு வாசனையும்தான் 'காபி' என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறது. காஃபின் இல்லாததால் ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் அதுதான் திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றுக்கே இந்தப் பெயர் உண்டு. மூன்று மருந்துப் பொருட்களும் உடல் நோயைத் தீர்ப்பது போல, ஒவ்வொரு பாடலிலும் சொல்லப்படும் மூன்று கருத்துகள் மனநோயைத் தீர்க்கும் என்பதுதான் அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். ஏலாதி என்ற இன்னொரு நூலின் பெயரும் ஏலம் முதலான ஆறு பொருட்கள் சேர்ந்த மருந்தின் பெயர்தான். நீதி நூலுக்கு மசாலா மருந்தின் பெயரை வைக்கும் அளவுக்கு, இந்தப் பொருட்கள் நம்ம ஊரில் பழக்கமானவையாக இருந்திருக்கின்றன.

இஞ்சியை விட சுக்குக்கு ஏன் காரம் அதிகம்?

இஞ்சியைக் காயவைத்தால் சுக்கு. அப்படியென்றால் காரம் குறையத்தானே வேண்டும்? அதுதான் இல்லை.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற வேதிப்பொருள். இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. இது ஜிஞ்சராலை விடக் காரம் அதிகம். (ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு 'ஷோகா' என்று பெயர், ஷோகால் என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான்.) அதனால்தான் இஞ்சி டீ நாக்கைத் தட்டிவிட்டுப் போகும், சுக்கு காபி தொண்டையில் இறங்கி நெஞ்சு வரை சூடு பரப்பும்.

இஞ்சி விஷயத்தில் பாட்டி வைத்தியமும் ஆய்வுகளும் ஓரளவு ஒத்துப்போகும் இடம், குமட்டல். கர்ப்ப காலக் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் கர்ப்பிணிகள் தினமும் எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வெயிலில் காரம் குடித்தால் குளிர்ச்சியா?

கொளுத்தும் வெயிலில் பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோரைக் குடிக்கிறோம். லாஜிக்கே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் இருக்கிறது.

நம் நரம்புகளில் சூட்டை உணர்வதற்கென்றே ஓர் உணர்வி உண்டு. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். மிளகாயில் உள்ள கேப்சைசின் இந்த உணர்வியைத் தட்டிவிடுகிறது. உண்மையில் சூடு இல்லை. ஆனால் 'சூடு' என்ற செய்தி மூளைக்குப் போய்விடுகிறது. மிளகின் பைப்பரினும் இஞ்சியின் ஜிஞ்சராலும்கூட இதே கதவைத்தான் தட்டுகின்றன. இந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டெம் படாபூடியனோடு சேர்த்து 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

'சூடு' என்ற செய்தி வந்தால் உடம்பு என்ன செய்யும்? வியர்க்கும். வியர்வை காயும்போது தோலில் இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கூடவே மோரில் இருக்கும் தண்ணீரும் உப்பும், வியர்வையில் இழந்ததைத் திரும்பக் கொடுக்கின்றன. ஆக, மோரின் குளிர்ச்சிக்குப் பெரிய பங்கு தண்ணீருக்கும் உப்புக்கும்தான். மசாலா அதற்குக் கைகொடுக்கிறது. அதைவிட முக்கியமாக, இன்னொரு டம்ளர் குடிக்க வைக்கிறது.

மோரில் போடும் பெருங்காயத்தின் அந்த நெடிக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். எண்ணெயில் பொரித்தால் நெடி அடங்கி, வெங்காயம் பூண்டு வதக்கிய மாதிரி ஒரு மணம் வரும். பெருங்காயம் வாயுவைக் குறைக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாது: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது அரிசி மாவும் பிசினும் கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்க.

பானகம்: அந்தக் கால எனர்ஜி டிரிங்க்?

வெல்லம், தண்ணீர், எலுமிச்சை, சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. ராம நவமிக்கு வீட்டுக்கு வீடு பானகம் உண்டு. மதுரை சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பார்கள். ஆந்திராவின் மங்களகிரியில் சுவாமிக்கே பெயர் பானகால நரசிம்மர்; அங்கே பிரசாதமும் பானகம்தான்.

சுவையைக் கவனித்தால் இது நல்ல கணக்கு. வெல்லத்தின் கனமான இனிப்பை எலுமிச்சையின் புளிப்பு வெட்டுகிறது. சுக்கு லேசான காரத்தைப் பின்னால் விட்டுச் செல்கிறது. ஏலக்காய் மூக்குக்கு. உப்பு எல்லாவற்றையும் தூக்கிக் காட்டுகிறது.

அறிவியலிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகும். கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசல் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. அதற்காகப் பானகமும் ஓஆர்எஸ்ஸும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஓஆர்எஸ்ஸில் அளவு துல்லியமாக இருக்கும். பானகத்தில் இனிப்பு ரொம்ப அதிகம். வயிற்றுப்போக்கு நேரத்தில் அது நிலைமையை மோசமாக்கலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் பாக்கெட்தான்.

அடுத்தது சர்க்கரை நோயாளிகள். "வெல்லம்தானே, கருப்பட்டிதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி ஊற்றிக் கொடுப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி இருப்பது சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதே. கொஞ்சம் தாதுச்சத்து கூடுதலாக இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சேர்க்கப்படும் இனிப்பை ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாராளமாக வெல்லம் போட்ட ஒரு டம்ளர் பானகமே இந்தக் கணக்கை முடித்துவிடும்.

மஞ்சள் பாலில் மிளகு எதற்கு?

மஞ்சள் பாலில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போடுவது வெறும் காரத்துக்காக இல்லை. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் பால் நல்ல துணை. ஆனால் உள்ளே போனாலும் கல்லீரல் அதை வேகமாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். இங்கேதான் மிளகு வருகிறது.

1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2 கிராம் குர்குமினோடு, மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் குர்குமின் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. இன்று மஞ்சள் மாத்திரை விளம்பரங்கள் எல்லாம் சுட்டிக்காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அரை டீஸ்பூன் மஞ்சள் போட்டால் 50 மில்லிகிராமைத் தொடுவதே கஷ்டம். ஆய்வில் கொடுத்த 2 கிராமை எட்ட 40 டம்ளருக்கு மேல் மஞ்சள் பால் குடிக்க வேண்டும்! தொண்டைக்கு இதமா? ஆமாம். சூடான பால், தூங்கப் போகும் நேரம், யாரோ அக்கறையாகக் கையில் கொடுப்பது... இதமாகத்தான் இருக்கும். புற்றுநோயைத் தடுக்குமா, மூட்டுவலியை விரட்டுமா என்றால், ஒரு டம்ளர் மஞ்சள் பாலை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

சரி, அப்போ மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். அதிக அளவு மஞ்சள் மாத்திரைகள் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சமையலறை அளவு வேறு, மாத்திரை அளவு வேறு. இன்னொன்று: குர்குமினை உடம்பில் தங்கவைக்கும் அதே பைப்பரின், சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடலாம். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் மஞ்சள்–மிளகு மாத்திரையைத் தானாக ஆரம்பிக்கக் கூடாது.

சீரகம், ஓமம், மல்லி: தண்ணீர் குடிக்க ஒரு சாக்கு

சாப்பாட்டுக்குப் பிறகு சீரகத் தண்ணீர், வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர். ஓமத்தின் அந்தச் சுரீர் மணத்துக்குக் காரணம் தைமால். இருமல் மருந்திலும் மவுத்வாஷிலும் பயன்படுவது இதுதான். சீரகத்தின் மணம் க்யூமினால்டிஹைடால் வருகிறது. மல்லி விதையில் லினலூல்; அதனால்தான் லேசாகப் பூ வாசனை அடிக்கும்.

இலங்கையில் சளி, காய்ச்சல் என்றால் முதலில் அடுப்பில் ஏறுவது கொத்தமல்லித் தண்ணீர்தான். தமிழர் வீடு, சிங்களர் வீடு என்று வித்தியாசம் கிடையாது. வறுத்த மல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள்.

இவையெல்லாம் வயிற்றுக்கு இதமாக இருக்கும், வாயுவைக் குறைக்கும் என்பது அனுபவம். வெறும் தண்ணீர் குடிக்கப் பிடிக்காதவர்களை நாலு டம்ளர் குடிக்க வைப்பது இதில் கிடைக்கும் நிச்சயமான பலன். தொப்பையைக் கரைக்குமா? காலையில் டீக்கும் சர்க்கரைக்கும் பதிலாகச் சீரகத் தண்ணீர் குடித்தால், குறையும் கலோரியால் ஏதாவது மாற்றம் வரலாம். சீரகம் கொழுப்பை உருக்கி எடுத்துவிடாது.

பட்டை தண்ணீர்: இங்கே கொஞ்சம் நில்லுங்க

'தினமும் காலையில் பட்டைப்பொடி தண்ணீர்' என்பது இப்போதைய டிரெண்ட். இதில் எந்தப் பட்டை என்பது முக்கியம்.

கடைகளில் அதிகம் கிடைப்பது கேசியா என்ற தடித்த பட்டை. ஒரே அடுக்காக, கெட்டியாக, உடைக்கக் கஷ்டமாக இருக்கும். இலங்கைப் பட்டை வேறு. காகிதம் போல மெல்லிய அடுக்குகளாகச் சுருட்டி இருக்கும், கையாலேயே நொறுங்கும், விலையும் கூட. கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி, தினமும் எடுக்கக்கூடிய கூமரின், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 2 கிராம் கேசியா பொடி சாப்பிட்டாலே இந்த எல்லையைத் தொட்டுவிடலாம் என்று ஜெர்மனியின் பிஎஃப்ஆர் நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பிரியாணியில் போடும் பட்டையால் பயம் இல்லை. தினமும் ஸ்பூன் ஸ்பூனாகப் பொடியைக் கலக்கிக் குடிப்பதுதான் பிரச்னை.

யார் யார் கவனமா இருக்கணும்?

கைக்குழந்தைகள்: முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓமத் தண்ணீர், கஷாயம், எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தேன் கூடவே கூடாது. அதனால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வர வாய்ப்பு உண்டு.

பிபி உள்ளவர்கள்: தொண்டைக் கஷாயங்களில் அதிமதுரம் சேர்ப்பார்கள். தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் கூடும், உடலில் பொட்டாசியம் குறையும். இதய நோய், சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மோரில் போடும் உப்பையும் கணக்கில் வையுங்க.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்: ரசத்தில், டீயில் போடும் அளவு இஞ்சி, மஞ்சள் சரி. செறிவான சாறு, மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் எடுக்கும் கஷாயங்களையும் மறக்காமல் சொல்லிவிடுங்க.

நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்கள்: வெறும் வயிற்றில் சுக்கு, மிளகு கஷாயம் எரிச்சலைக் கூட்டலாம்.

கஷாயம் குடிச்சா போதுமா, டாக்டர் வேண்டாமா?

சாதாரண சளி தானாகவே சில நாளில் சரியாகிவிடும். அந்த நாட்களில் சுக்கு காபி தொண்டைக்கு இதம் தரும், ஆவி மூக்கைத் திறக்கும், உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளும். அதில் தப்பே இல்லை.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், "கஷாயம் குடிச்சிருக்கோம், சரியாகிடும்" என்று காய்ச்சலோடு நாலைந்து நாள் வீட்டிலேயே காத்திருப்பதில். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பெரும்பாலும் ஆபத்தான நேரம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, அதிக சோர்வு, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சுத்திணறல் என்றாலும் அப்படித்தான். சுக்கு காபியை ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டே கிளம்பலாம், ஆனால் கிளம்பிவிடுங்க.

வாங்கும்போது, போடும்போது...

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய தந்திரம். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போகும். பப்பாளி விதை மிதக்கும்.

மஞ்சள் கண்ணைப் பறிக்கும் பளபளப்பில் இருந்தால் சந்தேகப்படுங்க. நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்ததை 2019-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நம்பகமான இடத்தில் பாக்கெட்டிலோ, தெரிந்த மில்லில் அரைத்தோ வாங்குவது நல்லது.

சுக்கின் தோலைச் சீவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது நம்ம மரபு. சில இடங்களில் சுக்கு வெள்ளையாகத் தெரிய மேலே சுண்ணாம்பு பூசுவதும் உண்டு என்பதால், இந்தப் பழக்கம் இன்றைக்கும் உதவும்.

வீட்டில் சுக்குமல்லிப் பொடி செய்ய: மல்லி விதை 4 பங்கு, தட்டிய சுக்கு 1 பங்கு, கொஞ்சம் மிளகு. மல்லியை மணம் வரும் வரை சிறு தீயில் வறுத்து, ஆறியதும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க. ரெண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். ஏலக்காயை மட்டும் கடைசியில் தட்டிப் போட்டு மூடி வையுங்க. அதன் மணம் சீக்கிரம் ஆவியாகிவிடும். முதலிலேயே போட்டால் வாசனை தெருவுக்குப் போகும், டம்ளருக்கு வராது. இனிப்பு உங்க இஷ்டம், உங்க சுகர் ரிப்போர்ட்டின் இஷ்டம்.

சுருக்கமா சொன்னா...

மசாலா பானங்கள் ருசிக்கும் இதத்துக்கும் நல்லவை. வெயிலில் தண்ணீரும் மழையில் சூடும் கொடுப்பவை. சில பொருட்களுக்கு உண்மையான மருத்துவக் குணமும் உண்டு. ஆனால் அஞ்சறைப்பெட்டி அளவில் அவை துணைதான், சிகிச்சைக்கு மாற்று இல்லை. பொடியாக, மாத்திரையாக, தினமும் அதிக அளவில் என்று போகும்போது அதுவும் மருந்து மாதிரிதான். மருந்துக்கு இருக்கும் பக்கவிளைவும் அதற்கு இருக்கும்.

அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் 'அதிசயத் தண்ணீர்' மெசேஜ் வந்தால் மூன்று கேள்வி கேளுங்க: எந்தப் பொருள், எவ்வளவு அளவு, யாருக்கு? பதில் இல்லையென்றால் ஃபார்வர்டு பண்ணாதீங்க. சுக்கு காபியை மட்டும் குடிச்சுட்டு வேலையைப் பாருங்க.